மடியில் வந்த பெட்டி

சென்ற ஆவணி விடுமுறையில் ஒரு காலை, கிளிநொச்சியிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வரும் பஸ்ஸிலே, மடியில் ஒரு கறுத்தப் பெட்டியை வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் என்னை அறிந்தவர் பலர். "உதென்ன ரீச்சர், கேக்கோ?" என்று என் மாணவி ஒருத்தியின் தாய் கேட்டார். வயதான வேறோர் அம்மையார், வைத்தியசாலையிலிருந்து விலையுயர்ந்த மருந்து ஏதோ கொண்டுபோகின்றேன் என்று தாமாகவே முடிவுசெய்து, யன்னலோரத்திலிருந்த தம் இடத்தை எனக்கு விட்டுத் தந்தார். பெட்டிக்குள்ளே இருந்தது மலசலகூடக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கமரா. அதைச் சொல்ல எனக்கு ஏனோ நா எழவில்லை. தமிழ் படித்துப் பட்டம் பெற்று, பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நாணயமாகப் பேசக் கற்பித்து வருபவள் நான். அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் இக்கட்டுரையிலே சொல்லவேண்டியிருக்கின்றது.

என் தம்பி கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கின்றான். நிலத்தடிக் குழாய்களுக்குள்ளே கமராவைச் செலுத்தி, எங்கே வெடிப்பு, எங்கே அடைப்பு, எங்கே சரிவு தவறியிருக்கின்றது என்று கண்டு சொல்வது அந்நிறுவனத்தின் தொழில். கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்களிற் பல நூறு வயதைக் கடந்தவை. ஆங்கிலேயர் ஆட்சியிலே மண்ணுக்குள் இறக்கப்பட்டவை. அவற்றைத் தோண்டிப் பார்ப்பதென்றால் நகரையே தோண்டவேண்டும். ஆகவே கண்ணை மட்டும் உள்ளே அனுப்புகின்றார்கள். யாழ்ப்பாணத்துக் கட்டடம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, போகும் வழியில் இரண்டு நாள் ஊரிலே தங்கி எங்கள் பாடசாலைக் குழாயையும் பார்த்துவிட்டுப் போகத் தன் மேலாளரிடம் அவன் அனுமதி பெற்றிருந்தான். இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் கிளிநொச்சிச் சந்தியில் இறங்கியவனிடம் மூன்று சுமைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, மேல் தட்டிலை வைக்காதேங்கோ. காலுக்குக் கீழையும் வேண்டாம். மடியிலை வைச்சிருங்கோ. வீட்டை போய்ச் சேர்ந்தாப் பிறகும் உடனை திறக்காதேங்கோ" என்றான்.

உடனே ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டேன். குளிரூட்டிய பஸ்ஸில் இரவு முழுவதும் இருந்து வந்த பெட்டி அது. வன்னியின் ஈரக் காற்றிலே திறந்தவுடன், குளிர்ந்த செம்பிலே நீர் துளிர்ப்பதுபோலக் கண்ணாடியிலும் மின் இணைப்புகளிலும் பனி படியும். வெளியிற் படிந்ததைத் துடைத்துவிடலாம். கண்ணாடிக்கு உட்புறம் படிந்துவிட்டால் அந்தக் கமராவுக்குக் கண்புகை நோய் வந்ததாகவே கொள்ளவேண்டும். பெட்டியும் நாங்களும் ஒரே சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டுமாம். நெடும் பயணத்திலிருந்து வந்த விருந்தாளியை உடனே குளிக்கவிடாதே என்று எங்கள் அம்மா சொல்வதும் இதுதான் என்று நினைத்துச் சிரித்தேன்.

இக்கருவியை வாசகர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். கட்டைவிரலிலும் சற்றுப் பருத்த ஓர் உருக்குக் குப்பி. அதன் முகத்தில் எளிதிற் கீறல் விழாத கண்ணாடி. அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு விளக்குகள். குப்பியின் பின்னே ஒரு சுருள்வில் இருக்கின்றது. குழாயின் வளைவுகளில் தலை திரும்புவதற்காக. அதன் பின்னே கண்ணாடி நாரினாற் செய்த நீண்ட கம்பி. முப்பது மீற்றர், அறுபது மீற்றர் என்று அது ஒரு வட்டக் கூட்டுக்குள்ளே சுற்றிக் கிடக்கும். கையால் தள்ளத் தள்ளக் கமரா குழாய்க்குள் ஊர்ந்துபோக, அது காண்பதெல்லாம் கம்பிக்குள் ஓடும் மின்வடம் வழியாகத் திரைக்கு வந்து சேரும். கமராத் தலைக்கருகே சிறிய ஒலிபரப்பி ஒன்றும் உண்டு. நிலத்தின்மேல் இன்னொரு கருவியை ஏந்திக்கொண்டு நடந்தால், கமரா எந்த இடத்துக்கு நேர்கீழே நிற்கின்றது என்பது தெரியும்.

குழாய்க்குள்ளே எந்த அழுக்கையும் எந்தத் தண்ணீரையும் தாங்கும் இப்பொருள், தெருவிலே கொண்டுசெல்லும்போதுதான் பெரும்பாலும் உடைகின்றது என்று தம்பி சொன்னபோது எனக்கு வியப்பாயிருந்தது. கண்ணாடி நார்க் கம்பியைத் தள்ளினால் தாங்கும், மடித்தால் முறியும். முறிந்த இடத்துச் சிம்பு கையில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, நாட்கணக்கில் நோகும். வட்டக் கூட்டைப் படுக்கவைத்து அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. நிமிர்த்தி நிறுத்தி இரு பக்கமும் இழுத்துக் கட்டவேண்டும். கமராத் தலையை வெளியே தொங்கவிட்டால் வாகனம் துள்ளுந்தோறும் இரும்பிலே மோதும். அதற்கென்று உள்ள கவ்வியிலே செருகவேண்டும். இணைப்பு முனைகளுக்கு மூடியிட வேண்டும். அங்கே ஒரு சிட்டிகைப் புழுதி போனாற் போதும், திரை இருண்டுவிடும். நெடுந்தூர அதிர்ச்சியிலே திருகாணிகள் தாமாகவே தளர்வதால், போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள்ளே விட்டுப்போனால் பற்றரி கெடும். சேறு பட்ட கம்பியை அப்படியே சுருட்டி வைத்தால் அடுத்த இடத்துக்கு நோயையும் சேர்த்தே கொண்டுபோவோம். கழுவி, துடைத்து, உலர்த்தித்தான் சுருட்டவேண்டும்.

பெட்டியின் உட்புறம் முழுவதும் சாம்பல் நிற ஸ்பொஞ். ஒவ்வோர் உறுப்பின் உருவுக்கும் ஏற்ப அதிலே பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைத் தொடாது. ஒன்றின் பாரம் மற்றதன்மேல் விழாது. ஈரத்தை உறிஞ்சச் சிறு பொட்டலங்கள் மூலைக்கொன்றாய் இருந்தன. இவ்வளவும் போதாதென்று, அம்மா தம் தலையணையைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே வைத்தார்.

அந்தத் தலையணையைக் கண்டதும் எனக்கு 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதி நினைவுக்கு வந்துவிட்டது. ஸ்கந்தபுரம் அதற்குமுன் பிறரை ஏற்றுக்கொண்ட ஊர். 1995 இன் இறுதியிலும் 1996 இலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சி நகரிலிருந்தும் பெயர்ந்து வந்தவர்கள் எங்கள் வளவுகளிலே கொட்டில் போட்டிருந்தார்கள். 2008 இல் எங்கள் முறை வந்தது. அப்பா உழவு இயந்திரப் பெட்டியிலே சாமான் ஏற்றினார். வீட்டில் இருந்த மெத்தை ஒன்றே ஒன்று. அதன்மேல் வைக்கவேண்டியவை இரண்டு: அம்மாவின் தையல் இயந்திரம், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடந்த அம்மம்மா. அப்பா சிறிது நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். அம்மம்மாதான் சொன்னார்: "மிசினை வை மோனை. அது உடைஞ்சால் போற இடத்திலை சோறில்லை. நான் பிடிச்சுக்கொண்டு வாறன்." தையல் இயந்திரம் மெத்தையிலே ஏறியது. அம்மம்மா நெல் மூட்டைகளின்மேல் வந்தார். தருமபுரம் வரையும் அவர் வாய்திறந்து ஒரு சொல் முனகியதை நான் கேட்கவில்லை. விசுவமடுவில் அவர் இறந்தார். தையல் இயந்திரத்தை மாத்தளன் பக்கம் போகும் வழியிலே எங்கோ விட்டுவிட்டோம். அப்பாவை நான் குறை கூறவில்லை. ஏழையின் வீட்டிலே கருவிக்கும் மனிதருக்கும் ஒரே மெத்தைதான் இருக்கும். கருவிக்குத் தனி மெத்தை செய்யக்கூடிய செல்வம் வந்த பிறகும் மனிதருக்கு நெல் மூட்டைதானா என்பதே என் கேள்வி.

இந்தப் பெட்டிக்குள் இருந்த பற்றரியும் என்னை ஏதேதோ நினைக்க வைத்தது. 1990 இலிருந்து 2002 வரை வன்னிக்குள் வரத் தடுக்கப்பட்ட பொருள்களிலே பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்ட விளக்கிலே நான் எழுத்துக் கற்றேன். ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 இலே எடுக்கப்பட்டுவிட்டது. இன்று பற்றரியும் கமராவும் கம்பிச் சுருளும் கொண்ட ஒரு பெட்டி, எவரும் மறித்துக் கேளாமல் ஓமந்தையைக் கடந்து என் மடிக்கு வருகின்றது. இதைப் பெரிய காரியமாக என் மாணவர்கள் கருதமாட்டார்கள். கருதாமலிருக்கட்டும்.

இன்னொரு செய்தியைச் சில ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். ஒளியை மின்னாக்கிப் படமாகப் பதியும் சில்லு ஒன்றை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் என்ற இருவர் உருவாக்கினர். கமராக்கள் இவ்வளவு சிறுத்துக் குழாய்க்குள்ளும் குடலுக்குள்ளும் போகும் காலத்துக்கு வழி திறந்தது அதுதான். இன்று வேறு வகைச் சில்லுகளும் பெருகிவிட்டன. அவர்களுக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஒக்டோபர் 6 ஆம் தேதி. அன்று நாங்கள் செட்டிகுளத்து மனிக்பாம் முகாமிலே, மலசலகூட வரிசையிலோ தண்ணீர் வரிசையிலோ நின்றிருப்போம். முள்வேலிக்குள் அப்போது இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தோம். மழை பெய்தால் மலக்குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்கிடையே வழியும். பெண்கள் பகலிலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளப் பழகியது அங்கேதான் என்று நினைக்கின்றேன்.

அந்தப் பழக்கத்தை என் பாடசாலையிலே மீண்டும் கண்டபோதுதான் இக்கதை தொடங்கியது. மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டித் தரப்பட்ட மலசலகூடம் அது. நிறம் நன்றாயிருந்தது, பெயர்ப்பலகை இன்னும் நன்றாயிருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அடைத்துக்கொண்டது. வெளியேற்றினோம்; மறுபடியும் அடைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து, நிரம்பியபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதை ஒருநாள் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. சில நாட்களில் மாதத்துக்கு மூன்று நான்கு நாள் பாடசாலைக்கு வராதவர்களின் பெயர்களை இடாப்பிலே தேடிப் பார்த்தேன். கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழியைத் துப்புரவு செய்ய ஒரு பெரியவரை அழைத்தோம். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கிணறு வெட்டுவது, காடு துப்புரவாக்குவது, மாரி வெள்ளத்திலே மதகில் அடைத்த மரக்கொப்பை இறங்கி எடுப்பது போன்ற வேலைகளுக்கெல்லாம் ஊர் அவரைத்தான் தேடும். கோயில் திருவிழாக் கூட்டத்துக்குத் தேடாது. அவர் வந்து மூடியைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்: "டீச்சர், அடப்பு குழியில இல்ல. கொழாய்லதான் இருக்கு. அந்த வேப்பமரத்துக்கிட்ட தோண்டிப் பாக்கணும்." ஒருவரும் செவிமடுக்கவில்லை. குழாயைத் தோண்டினால் சீமெந்து நடைபாதையை உடைக்கவேண்டும். குழிக்குள் இறங்குவதானால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்திலே நானும் இருந்தேன். பெற்றோரிடம் சேர்த்த பணத்துக்குக் கணக்கு எழுதியவள் நானே: "குழி துப்புரவு, ரூபா 6,000."

இறங்குமுன் அவர் தம் இடுப்பிலே தாமே ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பேரனின் கையிலே கொடுத்தார். எங்களில் எவரும் சொல்லிச் செய்ததன்று. ஏணியிலே நான்காம் படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சரிந்தார். கயிறு இருந்தமையால் இழுத்தெடுத்தோம். செங்கல் ஏற்றி வந்த உழவு இயந்திரப் பெட்டி ஒன்று வீதியிலே நின்றது. வெறும் இரும்பிலே, உடைந்த செங்கற் துண்டுகளின்மேல், அவரைக் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளங்களிலே வண்டி துள்ளும்போது அவருடைய தலை இரும்பிலே மோதும் ஓசை பின்னால் மோட்டார் சைக்கிளிலே சென்ற எனக்குக் கேட்டது. தலைக்கு ஒரு சாக்கு வைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து இருமுகின்றார்.

மலக்குழியிலே ஊறும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு காற்றிலும் பாரமானது, அடியிலே தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை மணக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கிலே அது நூறு பங்கை எட்டும்போது மூக்கு மழுங்கிவிடும். மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று மனிதன் எண்ணுவான். ஆயிரம் பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலே விழுவான். காப்பாற்ற இறங்குபவனும் அவன்மேலேயே விழுவான். இதை விஞ்ஞான ஆசிரியர் எங்கள் பாடசாலையிலேயே கற்பிக்கின்றார். குழிக்கும் வகுப்பறைக்கும் இடையே ஐம்பது அடி தூரம் இருந்தது. அந்த அறிவு ஐம்பது அடியைக் கடந்து வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், தகழி சிவசங்கரப்பிள்ளை 1947 இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய "தோட்டியின் மகன்" நாவலைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதி நல்ல புள்ளி பெற்றேன். ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் தொழிலாளரின் மூன்று தலைமுறைக் கதை அது. பாத்திரப் படைப்பு, யதார்த்தவாதம், வர்க்க உணர்வு என்று பத்தி பத்தியாக எழுதினேன். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாண நகரசபைகளுக்காக ஆங்கிலேயர் காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் எங்கள் விடுதிக்கு அண்மையிலேயே குடியிருந்தார்கள். ஒருநாளும் அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. பஸ்ஸிலே என் நாவைக் கட்டிய கூச்சம் அங்கே பழகியது.

இந்தியாவிலே இத்தொழிலைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டமும் 2013 இல் இன்னொரு சட்டமும் வந்தன. கழிவுநீர்க் குழிகளில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சிலே தீர்ப்பளித்தது. 2023 ஒக்டோபர் 20 ஆம் தேதி அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. விலை உயர்ந்திருக்கின்றது, இறங்குவது நிற்கவில்லை. கேரளத்து இளம் பொறியியலாளர்கள் செய்த துப்புரவு இயந்திரம் 2018 இலே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. இயந்திரம் இருக்கின்றது என்பதைக் காட்டி, இனி மனிதர் இறங்குவதில்லை என்று அறிக்கை எழுதுவது எளிதாகிவிட்டது.

அத்தீர்ப்பு வந்து மூன்று வாரத்தில், தீபாவளியன்று, இமயமலைச் சரிவிலே உத்தரகாசிக்கு அண்மையில் சில்க்யாரா என்னும் இடத்துச் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். ஒன்பது நாளாக அவர்களின் முகத்தை எவரும் காணவில்லை. ஆறு அங்குலக் குழாய் ஒன்றை இடிபாட்டினூடே செலுத்தி, அதன் வழியே, என் மடியில் இருந்ததைப் போன்ற ஒரு கமராவை அனுப்பினார்கள். நவம்பர் 21 ஆம் தேதி காலையில், தலைக்கவசம் அணிந்து, தாடி வளர்ந்த அந்த முகங்கள் உலகத்துக்குத் தெரிந்தன. மலைப்பாதையிலே அந்தக் கமராவைக் கொண்டுசென்றவர் அதை எப்படிப் பிடித்துக்கொண்டு போயிருப்பார் என்று இப்போது நான் நினைத்துப் பார்க்கின்றேன். கமராவினால் பார்க்கத்தான் முடிந்தது. துளைக்கும் பெரிய இயந்திரம் உடைந்து நின்றபோது, "எலிவளை" தோண்டுபவர்கள் என்று இகழ்ச்சியாகப் பெயர் சூட்டப்பட்டிருந்த தொழிலாளர்கள் வந்தார்கள். அந்த முறையிலான நிலக்கரி அகழ்வை 2014 இலே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்திருந்தது. அவர்கள் தில்லியிலே நிலத்துக்குள் குழாய் பதித்துப் பிழைத்துவந்தவர்கள். இரும்புக் குழாய்க்குள்ளே தவழ்ந்து, கையாற் தோண்டி, பதினேழாம் நாள் 41 பேரையும் வெளியே வரவைத்தார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். 2024 பெப்ரவரியிலே, அவர்களுள் ஒருவரின் வீட்டை அனுமதியற்ற கட்டடம் என்று சொல்லித் தில்லி வளர்ச்சி அதிகாரசபை இடித்துத் தள்ளியது. கமராவை அதன் பெட்டிக்குள்ளே பத்திரமாக வைத்துத்தான் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தம்பி பாடசாலைக்கு வந்த அன்று பெரியவரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வேலைக்கு அன்று, பார்ப்பதற்கு. வெள்ளைச் சேட்டு அணிந்து வந்து, வேப்பமரத்தடியிலே ஒதுங்கி நின்றார். கதிரை கொண்டுவந்து போட்டும் இருக்கவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நால்வர் திரையைச் சுற்றி நின்றார்கள். தம்பி கையுறை போட்டுக்கொண்டு கமராத் தலையை நான்கு அங்குலக் குழாய்க்குள்ளே விட்டு, அங்குலம் அங்குலமாகத் தள்ளினான். முதலில் வெண்ணிறச் சுவர், பின்னர் கறுத்த நீர், பின்னர் நுரை. பதினோராவது மீற்றரிலே குழாயின் பொருத்து விலகிய இடத்தில், நரைத்த சடைபோல ஒரு வேர்க்கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் குழாய் மேல்நோக்கி ஏறியது. சரிவு தலைகீழாக இருந்தது. அதைப் பதித்த ஒப்பந்தக்காரர் நீர்மட்டம் பாராமலே மண்ணை மூடியிருக்கவேண்டும். பெயர்ப்பலகையிலே அவர் பெயர் இல்லை.

தம்பி மற்றக் கருவியைத் தூக்கிக்கொண்டு நிலத்தின்மேல் நடந்தான். ஓசை கூடிக் கூடி வந்து, ஓரிடத்திலே உச்சமாயிற்று. அவ்விடத்திலே சுண்ணாம்பால் புள்ளியிட நிமிர்ந்தவன், தன் முன்னே இரண்டு பாதங்களைக் கண்டான். பெரியவர் ஒன்றரை அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"இங்கனதான் தம்பி" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 6,000 ரூபாக் கணக்கு நினைவுக்கு வந்தது.

அவர் திரைக்கு அருகே வந்து வேரை நெடுநேரம் பார்த்தார். "உள்ளார இப்பிடியா இருக்கு?" என்று கேட்டார். எத்தனையோ முறை இறங்கியவர். உள்ளே இருப்பதை வெளிச்சத்திலே அன்றுதான் கண்டார். பின்னர், "இது என்ன வெல தம்பி?" என்று கேட்டார். எல்லாமாகப் பதினைந்து லட்சம் வரையில் வரும் என்றான் தம்பி. பெரியவர் ஒரு அடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

நடைபாதையை மறுநாள் உடைத்தோம். தோண்டுவது மார்பளவு ஆழமான திறந்த பள்ளம், குழியன்று. கையுறையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தோம். கூலி எவ்வளவு என்று முதலில் அவரையே சொல்லச் சொன்னோம். தயங்கித் தயங்கிச் சொன்ன தொகை, நான் நினைத்திருந்ததிலும் குறைவு. பேரன்தான் "தாத்தா, கூடக் கேளுங்க" என்று மெல்லச் சொன்னான். கூடவே கொடுத்தோம். வேரை வெட்டி, பொருத்தைச் சேர்த்து, சரிவை நீர்மட்டம் பிடித்துச் சரிசெய்ய ஒன்றரை நாள் பிடித்தது. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கி இப்போது சில வாரங்களாகின்றன. போத்தல்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றேன். சில வெறுமையாக வீட்டுக்குப் போகின்றன. சில இன்னும் நிரம்பியே போகின்றன. குழாய் திறந்த வேகத்திலே பழக்கம் திறப்பதில்லை.

தம்பி புறப்படும் நாளன்று பாதி முற்றத்தைக் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டான். கம்பியை முழுவதும் வெளியே இழுத்து, கிருமிகொல்லி நீரிலே துணியை நனைத்துத் துடைத்து, மாமர நிழலிலே வட்டமாக விரித்து உலர்த்தினான். கமராக் கண்ணை மென்துணியாலே துடைத்துவிட்டு வெளிச்சத்திலே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். திருகாணிகளைத் தொட்டான். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினான். எல்லாம் தத்தம் பள்ளங்களிலே போய்ப் படுத்தன. பஸ் வராத நேரமாகையால் கிளிநொச்சிக்கு ஓட்டோ ஒன்று பிடித்தோம். பெரியவருக்கும் அன்று மார்புச் சளிக்கான கிளினிக் நாள். அவரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் பின்னிருக்கையிலே ஒரு மூலையில் ஒடுங்கி அமர்ந்தார். வட்டக் கூட்டைத் தம்பி தன் முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வைத்துக்கொண்டான். மூன்றாவது சுமையை ஓட்டோக்காரர் தம் காலடிக்கருகே வைத்தார். கறுத்தப் பெட்டிக்கு இடமில்லை.

"ஐயா, இதை மடியிலை வைச்சிருப்பியளே?" என்றான் தம்பி.

பெரியவர் உள்ளங்கைகளை வேட்டியிலே இரு தரம் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். "சாய்ச்சிப் புடிக்கவா, நிமித்திப் புடிக்கவா?" என்று கேட்டார். அம்மாவின் தலையணையை மடிக்குக் கொடுக்கப் போன தம்பி, அவர் முதுகு இருக்கையின் இரும்பிலே படுவதைக் கண்டு அதை அங்கே செருகினான். ஓட்டோ அக்கராயன் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்தேன். படலைக்கு வந்த அம்மா, தலையணையை அடுத்த பஸ்ஸிலே கொடுத்தனுப்பச் சொல்லித் தம்பிக்கு அடிக்கச் சொன்னார். நான் தொலைபேசியை எடுத்தேன். பிறகு, போய்ச் சேரட்டும் என்று வைத்துவிட்டேன்.